அண்ணர் மெல்லத்தான் ஓட்டினவர்

14.02.1986, வெள்ளி

நீயே சொல்லு அம்மாளாச்சி, அறுபத்தொரு வயது மனிதர், ஒரு முழங்கால் மடங்காது, விடிய எழும்பிப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவர் — அவர் ஆமியின் காவல் சென்றியை உடைத்துக்கொண்டு பறப்பாரா? சாவுத் துடக்கு என்று உள்ளே வராமல், காலையில் உன் வெளிவாசலில் நின்று, கற்பூரம் எரியும்போதும் இதைத்தான் கேட்டேன். ஐயர் விபூதியைத் தந்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நீயும் வாய் திறக்கவில்லை. பத்திரகாளிக்கே பயம் என்றால் நான் எங்கே போக?

வீட்டிலும் கதைக்க ஏலாது. என் குரல் பெரியது. அண்ணரின் தாயில்லாத மகள் புஸ்பராணி ஓயாமல் சொல்கிறாள், "மாமி, மெல்லக் கதையுங்கோ, றோட்டுக்குக் கேக்குது." எழுதினால் றோட்டுக்குக் கேட்காது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அண்ணர் பாக்கியரத்தினம் போய் இரண்டு கிழமை. கடற்கரை றோட்டு வளைவில், அந்தச் சின்ன ஏற்றத்தின் தலைப்பில் ஆமி மண்மூட்டை அடுக்கி வைத்திருக்கிறதே, அங்கேதான். ஊரடங்கு எடுத்துக் கொஞ்ச நேரம். தன் பழைய மொறிஸ் மைனரில் போனவர். காரின் மூஞ்சி வளைவில் தெரிந்ததும் சுட்டுவிட்டார்கள். நிற்கச் சொல்லியும் நிற்காமல் வேகமாக வந்தவராம். முந்தி றேஸ் ஓடினவராம், அந்தப் புத்தி போகவில்லையாம். ஆமி சொல்கிறது.

சரி, சுட்டவன் அப்படித்தான் சொல்லுவான். ஆனால் நேற்றுச் சந்தைச் சுவரில் இயக்கப் பெடியள் ஒட்டிய நோட்டீசைப் பார்த்தேன். 'எதிரியின் தடையை உடைத்துப் பாய்ந்த வீரத் தந்தை' என்று போட்டிருக்கிறார்கள். அண்ணரின் படம் வேறு, கலியாணப் படத்தில் இருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்தது.

சுட்டவனும் வேகம் என்கிறான். அழுகிறவனும் வேகம் என்கிறான். இந்த ஊரில் இரண்டு பக்கத்துக்கும் ஒத்துப்போகிற விஷயம் இது ஒன்றுதான்.

எனக்கு வீரம் வேண்டாம். புஸ்பராணி அரசாங்கக் கச்சேரியில் கிளாக். அதே சென்றியைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறாள், அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு. அதில் அப்பாவின் பெயர் இருக்கிறது. சென்றியை உடைத்தவரின் மகள் என்று பேர் விழுந்தால் அவளை யார் காப்பாற்றுவது? நோட்டீஸ் ஒட்டினவனா?

உனக்கு மட்டும் இன்னொன்று. அன்று காலை நான் கிணற்றடியில் உனக்குத்தான் செவ்வரத்தம்பூ ஆய்ந்துகொண்டு நின்றேன். அந்த இரைச்சல் எனக்கும் கேட்டது. கார் தொண்டை கிழியக் கத்தியது. அதற்குப் பிறகுதான் வெடி.

ஒருநாளும் அண்ணரின் கார் அப்படிக் கத்தியதில்லை.

15.02.1986, சனி

இரத்தினசிங்கம் வாத்தியார் வந்தார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டுமாம். முப்பத்தோராம் நாள் வருகிற சனத்துக்குக் கையில் கொடுக்கிற புத்தகம், செத்தவரின் வரலாறும் அவர்மேல் பாட்டும் போட்டது. அது இல்லாமல் எங்கட ஆட்கள் ஒழுங்காகச் சாக ஏலாது. திருகோணமலையில் பாதிப் பேருக்கு வாத்தியார்தான் பாடியிருக்கிறார். ஆளைப் பார்த்ததும் ஒரு மாதிரித்தான் இருக்கும், அடுத்தது யார் என்று.

கதிரையில் இருந்து தேத்தண்ணியை ஊதிக்கொண்டே கேட்டார்.

"அண்ணற்ற றேஸ் கதையைத்தான் அக்கா முன்னுக்குப் போடோணும். எத்தினை கப் எடுத்தவர்?"

"வீட்டில கப் ஒண்டுமில்லை வாத்தியார். நீங்கள் கையில வைச்சிருக்கிற கோப்பைதான் இருக்கு."

"பகிடி விடாதேங்கோ. அவ்வளவு வேகமா ஓடின மனுசன் —"

"ஆர் சொன்னது வேகமா ஓடினவரெண்டு?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, ஏதோ நான் கோணேசருக்கு நெற்றிக்கண் இல்லை என்று சொல்லிவிட்டது போல.

ஒன்று தீர்மானித்துவிட்டேன். வரலாற்றை நான் விசாரித்துக் கொடுப்பேன். கல்வெட்டு ஊர் கூடின இடத்தில் உரக்கப் படிக்கிற சாமான். அதில் 'மெல்ல ஓட்டுகிறவர், நிதானமானவர்' என்று அச்சில் வந்துவிட்டால் பிறகு ஆரும் மாற்ற ஏலாது. வியாழக்கிழமை மரண விசாரணையும் இருக்கிறது. அங்கேயும் சொல்லலாம்.

17.02.1986, திங்கள்

எனக்குத் தெரிந்ததை முதலில் எழுதிப் பார்க்கிறேன். அதிகமில்லை. அண்ணரை யாழ்ப்பாணத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். என்னை அம்மாவின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கிளிவெட்டியில், ஐந்தாம் வகுப்போடு நிற்பாட்டினார்கள். அவர் இங்கிலீசில் கார் படித்தார். நான் தேவாரம் படித்தேன்.

அப்பா வெள்ளைக்கார நேவிக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தவர். அதனால் வீட்டுக்கு நேவித் துரைமார் வந்து போவார்கள். ஊருக்குத் திரும்பின ஒரு துரை தன் சிவப்பு எம்.ஜி. காரை விற்றுவிட்டுப் போனான். கூரையில்லாத கார். அண்ணர் வாங்கினார். நிலாவெளியில் எனக்கென்று சொல்லி வைத்திருந்த தென்னங்காணி போனது. அம்மா கேட்டதற்கு, "தங்கத்துக்கு வேற காணி பாப்பம்" என்றார்களாம். பார்த்தார்கள், பார்த்தார்கள், எனக்கு ஐம்பத்திநாலு வயது.

சரி. அதை இப்போது சொல்லி என்ன. செத்தவர்.

ஆனால் நீயே பார். அந்தக் காரில் என்னை ஒருநாளும் ஏற்றினதில்லை, பொம்பிளைப் பிள்ளைக்குத் தலை கலையும் என்று. இந்தக் கடைசிக் காலத்தில் மொறிசில் ஏற்றினார், அதுவும் எப்படி? இந்தப் பொங்கலுக்கு முதல் நாள், உவர்மலையில் ஒரு வீட்டுக்குப் பானை கொண்டுபோகிறோம். ஏற்றத்தின் அடியில் நிறுத்திவிட்டு, "தங்கம், இறங்கி நட, பாரம் கூடிப்போச்சு" என்கிறார். நான் பாரமாம். புதுப் பானையும் கையுமாக நடந்து ஏறினேன். அந்தக் கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. பொங்கல் அன்றும் கதைக்கவில்லை.

றேஸ் ஓடுகிறதற்கு நுவரெலியாவுக்கும் கொழும்புப் பக்கமும் போவார். போகும்போது உன் கோவிலில் நான்கு தேசிக்காய், காரின் நான்கு சில்லுக்கடியிலும் ஒவ்வொன்று. அது என் வேலை. வென்றாரா தோற்றாரா என்று நான் கேட்டதில்லை. உயிரோடு வந்தால் ஒரு தேங்காய் அடிப்பேன். ஆறு வருசம் தேங்காய் அடித்தேன்.

வென்றாரா தோற்றாரா என்பது ஸஹாப்தீன் நானாவுக்குத்தான் தெரியும். அண்ணரின் பிற்றர், கார் திருத்துகிறவர். எங்கே போனாலும் கூடப் போனவர். கிண்ணியாவில் இருக்கிறார்.

19.02.1986, புதன்

கிண்ணியாவுக்குப் போய் வந்தேன். துறையில் அக்கரைக்கு ஏற்றிப்போகிற பாதைக்கு நின்று, சோதனைக்கு நின்று, பையைக் கொட்டிக் காட்டி — எல்லாம் பெண் பொலிஸ் இல்லாமல் ஒரு ஆமிப் பெடியன் செய்தான். என் விபூதிப் பொட்டலத்தை மணந்து பார்த்தான். மணக்கட்டும், அவனுக்கும் நல்லதுதான்.

நானாவின் மனைவி அசனா முதலில் அழுதுவிட்டுப் பிறகு வட்டிலப்பம் வைத்தாள். துடக்கு வீட்டுக்காரி, இனிப்புத் தொடமாட்டேன் என்றேன். எனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றினாள்.

நானா கிழண்டுபோனார். ஆனால் றேஸ் என்றதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"எங்கட தொர போனா மின்னல் தங்கச்சி. நுவரெலியா மலையில காத்துக்கும் வழி விடமாட்டார்."

"மின்னலெண்டா கப் எங்க நானா?"

அவர் தொண்டையைச் செருமினார். அசனா குசினிக்குள் இருந்து சொன்னாள், "கேளுங்க ராத்தா, நல்லாக் கேளுங்க. மின்னலா இருந்தா ஒவ்வொரு தரமும் ஏன் இவங்க கடசி பஸ் மாதிரி வந்து சேந்தாங்க?"

"நீ சும்மா இரி புள்ள."

"நான் சும்மா இருந்துதான் முப்பது வருசமா மின்னலாகிப் போச்சி."

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. அண்ணர் ஒருநாளும் வென்றதில்லை. முதல் வருசம் ஒன்பது காரில் ஏழாவது. பிறகு ஐந்து, ஆறு. ஒருமுறை நாலாவது, அன்று முன்னால் போன இரண்டு கார் மதகில் ஏறிவிட்டன. மற்றவர்கள் றேஸ் காரை லொறியில் ஏற்றி வருவார்கள். அண்ணருக்கு இருந்தது அந்த ஒரு கார். அதிலேதான் போக வேண்டும், ஓட வேண்டும், பிறகு அதிலேயே திருகோணமலைக்குத் திரும்ப வேண்டும்.

"கார முறிச்சிப் போட்டா ஊருக்கு எப்பிடிடா போறது எண்டு கேப்பார்," என்றார் நானா. "எஞ்சினக் கத்த விட்டா தொரைக்குப் புடிக்காது. புள்ள அழுகிற மாதிரி எண்டு செல்லுவார். வெண்டவங்கட காரெல்லாம் லொறியில போகும். நாங்க பாட்டுப் பாடிக்கிட்டு வருவம்."

அம்மாளாச்சி, எனக்கு எவ்வளவு சந்தோசம். என் அண்ணர் தோற்றவர் என்று கேட்டு இவ்வளவு சந்தோசம்.

"இதை நாளைக்குக் கோட்டில வந்து சொல்லுவீங்களா நானா?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அந்த மொறிசக் கண்டே ஒரு வருசத்துக்கு மேல தங்கச்சி. தொறையில இந்தக் கரச்சல் தொடங்கின பொறகு அவர் இந்தப் பக்கம் கொண்டு வரல்ல. எவன்ட்டக் காட்டினாரோ, காட்டவே இல்லியோ. கோட்டுக்கு வந்து நான் என்னத்தச் செல்ல? எனக்கும் ரெண்டு பொடியன்மார் இரிக்கிறானுகள்."

நான் வெளிக்கிட்டேன். வாசல் வரைக்கும் வந்தார்.

"தங்கச்சி, கல்வெட்டில மின்னல் எண்டே போடுங்க. மூலையில என்ட பேரும் வரட்டும்."

20.02.1986, வியாழன்

மரண விசாரணை முடிந்தது.

சுட்டவன் வரவில்லை. அவனுடைய அதிகாரி வந்து சிங்களத்தில் சொன்னதை ஒருவர் தமிழில் சொன்னார்: பலத்த இரைச்சலோடு மிக வேகமாக வந்த வாகனம். வளைவடியில் இடியப்பம் அவித்து விற்கிற ஸல்ஹாவைக் கூப்பிட்டார்கள். பாவம், முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"காரைக் கண்டனீங்களா?"

"இல்ல ஐயா, நான் குசினிக்குள்ள. சத்தம் கேட்டிச்சி. றேஸ் கார் மாதிரி."

பிறகு நான் எழும்பினேன். ஆரும் கூப்பிடவில்லை, நானாக எழும்பினேன். அண்ணர் மெல்லத்தான் ஓட்டுகிறவர், றேசிலும் மெல்ல ஓடித் தோற்றவர், நேற்றுத்தான் விசாரித்துக்கொண்டு வந்தனான் என்றேன். சிலர் சிரித்தார்கள். விசாரணை ஐயா சிரிக்கவில்லை. நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார். சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன்.

"அம்மா, உங்கட வீடு பக்கத்தில. அண்டைக்குக் காலமை உங்களுக்கு இரைச்சல் கேட்டதா, இல்லையா?"

கேட்டது என்றேன்.

அவ்வளவுதான். எழுதிக்கொண்டார்.

21.02.1986, வெள்ளி

உன் பேரைச் சொல்லிச் சத்தியம் செய்துவிட்டு எப்படிப் பொய் சொல்லுறது, நீயே சொல்லு. 'தன் அவதானமற்ற வேகத்தால்' என்று முடிவாம்.

24.02.1986, திங்கள்

மாசி மகம். கடலுக்குப் போகவில்லை, துடக்கு.

அண்ணரோடு றேஸ் ஓடின பறங்கித் துரை ஒருவர் கொழும்பில் இருக்கிறார், ஹென்றி துரை. நத்தார்ப் பெருநாளுக்கு வாழ்த்து மட்டை போடுகிறவர். புஸ்பராணி கச்சேரி ரெலிபோனில் அவரைப் பிடித்துக் கதைத்திருக்கிறாள். வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள்.

"மாமி, அந்தாள் போனிலயே அழுதிட்டுது. பிறகு சிரிக்குது. அப்பா ஒவ்வொரு வளைவுக்கும் முன்னுக்கே பிரேக் பிடிச்சிடுவாராம். எல்லாரும் பகிடி பண்ணுவினமாம். என்னப்பா அந்தப் பக்கம் பேயா நிக்குது எண்டு கேட்டா, 'எங்கட ஊரில வளைவுக்கு அந்தப் பக்கம் மான் நிக்கும்' எண்டு சொல்லுவாராம்."

கோட்டை வாசலில் மான் கூட்டம் படுத்திருக்கும், றோட்டில் குறுக்கே நிற்கும், அதைப் பார்த்துக் கார் பழகினவர் அவர். நுவரெலியாவிலும் மான் நிற்கும் என்று பயந்திருக்கிறார். என் அண்ணர்.

ஐம்பத்தெட்டில் என்ன நடந்தது என்பதும் இன்றுதான் தெரிந்தது. கலவரத்தில் எம்.ஜி. காரைக் கொழும்பில் ஒரு கராச்சில் விட்டுவிட்டு, ஹென்றி துரையின் காரில் பின்சீற்றுக்கு அடியில் படுத்துத்தான் அண்ணரும் நானாவும் தப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அண்ணர் அந்தக் காரைத் தேடிப் போகவில்லை, றேசும் இல்லை. எங்களிடம் 'கார் பழுதாப் போச்சு' என்று மட்டும் சொன்னவர். எனக்குக் காணி போனது. அவருக்குக் காரும் போனது. ஒரே வீட்டில் முப்பது வருசம் இருந்தோம், ஒருத்தருக்கொருத்தர் இதைச் சொல்லவில்லை.

வாத்தியாருக்கு எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினேன். நாலாவது, ஏழாவது, பிரேக், மான். ஒன்றும் விடவில்லை.

26.02.1986, புதன்

வாத்தியார் பாட்டைக் கொண்டுவந்து படித்தார். எழுதி வைக்கிறேன், பார்.

மானென விரைந்த காரான், மலைகளை வென்ற தீரன்,
தானெனத் தடைகள் தூளாய் இடியென முழங்கிச் சென்றான் —

"வாத்தியார், மான் பிரேக் பிடிக்கிறதுக்குச் சொன்னது."

"மானெண்டா வேகம்தானே அக்கா. பாட்டில மானைக் கொண்டுவந்து நிப்பாட்டி வைக்க ஏலுமே?"

"அப்ப மெல்லப் போனதெண்டு பாடுங்கோவன்."

"நத்தையெண்டு பாடட்டே?" என்றார். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டார். "அக்கா, என்னை நம்புங்கோ. நேற்று ரெண்டு பேர் வீட்டை வந்தவை. பாட்டைக் கேட்டவை. நல்லாயிருக்கு, இப்பிடியே விடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம்."

பின்னேரம் அவர்களே இங்கேயும் வந்தார்கள். இரண்டு பெடியள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள், அவ்வளவு மரியாதை. ஒருவனுக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. தண்ணி கேட்டுக் குடித்தான்.

"அம்மா, உங்கட அண்ணர் சும்மா செத்தவர் எண்டு இருந்தா என்ன பிரயோசனம்?"

"சும்மா சாகேல்ல தம்பி. சூடு பட்டுச் செத்தவர். பாண் வாங்கப் போன இடத்தில."

"பாண் வாங்கப் போனவரெண்டு சுவரில ஒட்ட ஏலுமே அம்மா?"

"ஏன் ஏலாது? அதுதானே நடந்தது. வீட்டில வளந்த பிள்ளை ஒண்டு இருக்கு, கச்சேரிக்குப் போற பிள்ளை. உங்கட நோட்டீஸ் அவளுக்குத்தானே வினை."

அவன் கிளாசைத் திருப்பித் தந்தான். "உங்களுக்கு விளங்காது அம்மா" என்றான், நல்ல பிள்ளை மாதிரி, கோபமில்லாமல்.

விளங்குகிறது. நன்றாக விளங்குகிறது. அண்ணர் வென்றிருந்தால்தான் எல்லாருக்கும் வசதி.

01.03.1986, சனி

அந்தியேட்டி. விடிய கீரிமலைக்குப் போக ஏலாது என்று இங்கேயே கடலில் சாம்பலைக் கரைத்தோம். மத்தியானம் முற்றம் நிறையச் சனம். கிளிவெட்டிச் சொந்தக்காரர் அகதி முகாமில் இருந்து வந்தார்கள், சாப்பாட்டைக் கண்டதும் சிறுசுகள் ஓடின ஓட்டம் —

அதை விடு.

வாத்தியார் ராகம் போட்டுப் படித்தார். 'இடியென முழங்கி' என்ற இடத்தில் இரண்டு தரம் படித்தார். பெண்கள் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். நானா வரவில்லை, பாதை ஓடவில்லையாம். அவர் பெயரைக் கடைசிப் பக்கத்து மூலையில் போட்டிருந்தது, அதுவும் 'ஸஹாப்தீன்' இல்லை, 'உதவியாளர் ஒருவர்' என்று.

நான் எழும்பிக் கத்தியிருக்க வேண்டும். என் குரல் பெரியதென்று எல்லாரும் சொல்லுகிறார்களே, இன்றைக்கு எங்கே போனது? புஸ்பராணி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் அழுதாள். அந்தப் பாட்டுக்குத்தான் அழுதாள்.

04.03.1986, செவ்வாய்

வந்தார்கள். கல்வெட்டு கையில்.

ஆமி ஜீப்பில் வந்த ஒருவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். எங்கட வீட்டுக் கதிரையில் இருந்து எழுத்துக் கூட்டி வாசித்தான். "தடைகள் தூளாய்... இடியென முழங்கி... அப்ப நீங்கதானே எழுதியிருக்கிறது?"

"வாத்தியார் எழுதினது. நான் மெல்ல எண்டு போடச் சொன்னனான்."

"படம் உங்கட அண்ணன். பேர் உங்கட பேர். 'சகோதரி தங்கரத்தினம், மகள் புஸ்பராணி'."

ஓம், போட்டிருக்கிறது. கல்வெட்டில் துயருறும் குடும்பத்தார் பெயர் போடாமல் விடுவார்களா?

நான் கிழவி, என்னை என்ன செய்யப் போகிறார்கள் என்று நான்தான் முன்னுக்குப் போனேன். என்னை விலக்கிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரிக்கத்தானாம். உடுப்பு மாற்ற விடவில்லை.

05.03.1986

கேட்டுப் போனேன். இல்லை என்றார்கள்.

06.03.1986

அங்கே இல்லை, இங்கே கேள் என்றார்கள். இங்கே, அங்கே கேள் என்றார்கள்.

08.03.1986, சனி

சிவராத்திரி. இதற்கென்று தனியாக முழிக்கத் தேவையில்லை.

போகிற வழியில் பார்த்தேன், எங்கட மொறிசை வளைவில் குறுக்கே இழுத்து விட்டிருக்கிறார்கள். சில்லு இல்லை, முன் மூடி இல்லை, எஞ்சின் இருந்த இடம் வரை மண் நிரப்பி, மேலே மண்மூட்டை அடுக்கியிருக்கிறது. அதற்குப் பின்னால் நின்றுகொண்டுதான் இப்போது காவல். அண்ணரே அவங்களுக்கு மறைப்பாய்ப் போனார்.

11.03.1986, செவ்வாய்

வந்துவிட்டாள். கிறிஸ்தவச் சுவாமி ஒருவர் நின்று எடுத்துக் கொடுத்தார். நீ செய்யவில்லை அம்மாளாச்சி, அவர்தான் செய்தார். அதையும் எழுதி வைக்கிறேன், மறக்க வேண்டாம்.

குளித்தாள். திரும்பவும் குளித்தாள். பிறகு சீப்போடு என் முன்னால் வந்து இருந்து, "மாமி, தலை இழுத்து விடுங்கோ" என்றாள். சின்ன வயதில் இருந்தது போல. இழுத்துவிட்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு காலத்தில் வாயை மூடிக்கொண்டு நான் செய்த ஒரே வேலை.

17.03.1986

கச்சேரியில் இருந்து ஆள் வந்தது. கொஞ்ச நாளைக்கு வர வேண்டாமாம்.

28.03.1986, வெள்ளி

போய்விட்டாள். கொழும்புக்கு. ஹென்றி துரையின் மகள் வீட்டில் நின்று, அங்கேயிருந்து எங்கேயோ. எங்கே என்று அவள் சொல்லவில்லை, தெரியாமல் இருப்பது நல்லது என்று நானும் கேட்கவில்லை.

பஸ் வெளிக்கிட நேரமிருந்தது. உன் கோவில் திருநீறு கொடுத்தேன், பூசிக்கொண்டாள். பயறும் சீனியும் போட்ட பொட்டலம் கொடுத்தேன். 'ஒவ்வொரு இடத்திலும் இறக்கி ஏற்றுவான், அட்டையைக் கையிலேயே வைச்சிரு, ஆரும் கேட்டால் அப்பா நோயில் செத்தவர் எண்டு சொல்லு' — நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் யன்னலுக்கு வெளியே என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"மாமி, அப்பா ஏன் அண்டைக்கு மட்டும் அப்பிடி ஓட்டினவர்?"

"ஓட்டேல்லப் பிள்ளை."

"எனக்கும் கேட்டது மாமி. நான் முழிச்சுப் படுத்திருந்தனான்." அவள் அழவில்லை. "எங்களை விட்டிட்டுப் போகோணுமெண்டு நினைச்சவரோ?"

பஸ் போய்விட்டது.

ஒரு ஊரே சொல்லட்டும். ஆமி சொல்லட்டும், பெடியள் சொல்லட்டும், வாத்தியார் ராகம் போட்டுப் படிக்கட்டும். இந்தப் பிள்ளையும் அதையே நம்பிக்கொண்டு போகிறதே. நான் என்னத்தைச் சொல்லி அனுப்ப? எனக்கும் கேட்டதுதானே.

14.04.1986, திங்கள்

வருசப்பிறப்பு. துக்க வீட்டுக்கு இல்லை. கோவிலுக்கும் வரவில்லை, கோபம் என்று வைத்துக்கொள்.

16.04.1986, புதன்

புஸ்பராணியிடம் இருந்து ஒன்றுமில்லை. அவளோடு வேலை செய்த பிள்ளை ஒன்று உவர்மலையில் இருக்கிறாள், அவளுக்காவது ஏதும் தெரியுமா என்று கேட்கப் போனேன். அவளுக்கும் தெரியாது. எங்கட பிள்ளை கொழும்பில் இருந்து போய்விட்டாள், எந்த நாட்டுக்கு என்று ஹென்றி துரைக்கே தெரியாதாம்.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. போகும்போது நடந்தது.

ஏற்றத்தில் பாதியில் இளைத்துப்போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் பெரிய இரைச்சல். ஐயோ, ஏதோ தலைதெறிக்க வருகிறது என்று பயந்து றோட்டோரக் கானுக்குள் இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஒரு கிழட்டுத் தண்ணி லொறி. கத்திக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு, ஒரு பிள்ளை தவழுகிற வேகத்தில் என்னைக் கடந்து போனது. போய் முடியவே வெகு நேரம் எடுத்தது. நான் கானுக்குள்ளேயே நின்றேன்.

இதே ஏற்றம். பொங்கலுக்கு முதல் நாள். பானையோடு இறங்கி நடந்தனானே — என்னை இறக்கின கோபத்தில் திரும்பிப் பாராமல் விறுவிறு என்று நடந்தேன். அதனால் இதை மறந்தேபோனேன். எனக்குப் பின்னால் மொறிஸ் கத்திக்கொண்டு வந்தது. அதே கத்தல், அம்மாளாச்சி, சென்றி ஏற்றத்தில் இருந்து கிணற்றடிக்குக் கேட்ட அதே கத்தல். அண்ணர் கார் யன்னலால் தலையை நீட்டி, அந்தச் சத்தத்துக்கு மேலால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தங்கம், கோவிக்காத. கிளச் வழுக்குது, ஏத்தமெண்டா இப்பிடித்தான். சத்தம்தான் போகுது, கார் போகுதில்லை."

நான் திரும்பவில்லை. அன்றைக்கு மேலே முதலில் போய்ச் சேர்ந்தது நான்.